வாங்கு மாப்ள, வாங்கு!

தாராளமா வாங்கு மாப்ள. நான் தடுக்கல. ஒங்க அம்மா நேத்து வந்து, "அண்ணே, பய ஏதோ கிட்ஹப்பு கணக்க வெலைக்கு வாங்கப் போறானாம். டெலிகிராம்ல எவனோ 18,000 ரூவா கேக்குறானாம். நீங்கதேன் நாலு வார்த்த சொல்லணும்"னு மூக்கச் சிந்துனா. நல்ல காரியத்தக் கெடுக்காத தாயின்னு சொல்லி, ஒரு டம்ளரு காப்பியக் குடுத்து அனுப்பி வச்சேன். எவனோ ஜெர்மன்காரன் 2011-ல தொறந்த கணக்காமே! ப்ரோகிராம் போட்ட ஒவ்வொரு நாளுக்கும் கிட்ஹப்பு குத்துற பச்ச, கட்டங்கட்டமா நெறஞ்சு கெடக்காமே! இம்புட்டு அனுபவத்த வேற யாரு இந்த வெலைக்குத் தருவா?

நானும் ஒக்காந்து ஒரு கணக்குப் போட்டுப் பாத்தேன். 2011-ல ஒனக்கு வயசு எட்டு. டவுசரக் கரையில கழட்டிப் போட்டுட்டு கொட்டகுடி ஆத்துல குதிச்சுக்கிட்டு இருந்த. மதுரை–போடி சின்ன ரயிலயும் அப்பத்தேன் நிப்பாட்டியிருந்தாக, அகலப் பாதை போடுறோம்னு. அந்த ரயிலு அகலமாகி, 2023 ஜூன் 15-ல சென்னை வண்டியா திரும்பவும் போடியத் தொடுறதுக்குள்ள ஒன் கணக்குல 12 வருஷ அனுபவம் ஏறிப்போச்சு. ரயில்வேக்காரன் தண்டவாளம் போட்ட நேரத்துல நீ ஆத்துல முங்கிக்கிட்டே அந்த ஜெர்மன்காரன் பேருல ப்ரோகிராம் எழுதியிருக்க. பெருமையா இருக்குடா. இன்டர்வியூவுல ஒரு அம்மா, "2014 மார்ச்சுல இந்த எடத்துல ஏன் இப்பிடி மாத்துனீங்க?"ன்னு கேட்டா, "அப்ப நான் அஞ்சாப்பு மேடம், நாலு கோடு நோட்டுலதேன் எழுதிக்கிட்டிருந்தேன்"னு சொல்லிரு. உண்மை பேசுற பையன்னு வேல குடுத்தாலும் குடுப்பாக.

நீ மனசுக்குள்ள நெனைக்கிறது கேக்குது. ஏலக்கா கடையில சாம்பிள் காய உருட்டிப் பாத்தே ஆயுசப் போக்குன மாமனுக்கு கம்ப்யூட்டரப் பத்தி என்னா தெரியும்னு. ஒண்ணுந் தெரியாது மாப்ள. என் மருமக கோயமுத்தூர்ல கம்ப்யூட்டர் பாதுகாப்பு வேலையிலதேன் இருக்கா. ராத்திரி போன்ல ஒன் வெவகாரத்தச் சொன்னேன். அவ பேசப் பேச நான் கடை நோட்டுல எழுதிக்கிட்டேன். எழுதி முடிச்சுப் படிச்சா, அம்புட்டும் நம்ம தொழிலாவே இருக்கு.

நம்ம தொழில்ல காய்க்கு வெல வச்சுக் குடுக்குறது பருமன், லிட்டர் எடை, பச்ச. ஸ்பைசஸ் போர்டோட மின்னணு ஏலம், போடியில நடந்தாலும் சரி, மலைக்கு மேல புத்தடியில நடந்தாலும் சரி, வியாபாரிக கம்ப்யூட்டருக்கு முன்னாடி வரிசையா ஒக்காந்திருப்பாக, சாம்பிள் கைக்கு வரும். எட்டு மில்லிமீட்டருக்கு மேல நல்ல பச்சையா ஒரு லாட்டு வந்துச்சுன்னா, பொத்தான அமுக்குற வெரலு நிக்காது. 2019 ஆகஸ்டுல புத்தடியில கிலோ 7,000 ரூவா வரைக்கும் ஏறுனத நீயே பாத்திருக்க. பச்சைக்கு இப்பிடி மவுசு இருந்தா, வெளுத்த காய்க்குச் சாயம் ஏத்துறவன் வராம இருப்பானா? போர்டும் உணவுப் பாதுகாப்புக்காரவுகளும் எச்சரிக்க எச்சரிக்க அவனும் தல காட்டிக்கிட்டேதேன் இருக்கான். பறிச்ச காய வாஷிங் சோடாத் தண்ணியில 10 நிமிஷம் முக்கியெடுத்து ஸ்டோர்ல ஒணத்துவாக, அது வேற சமாச்சாரம். அது காயோட சொந்தப் பச்சையப் போகாமப் புடிச்சு வைக்கிறது. சாயம் அப்பிடியில்ல. நனைச்ச வெள்ளத்துணியில ரெண்டு தேய்ப்பு தேய்ச்சா பச்ச துணிக்கு வந்துரும்.

இப்ப ஒன் பச்சக் கட்டத்தத் தேய்ச்சுப் பாப்பமா?

கவனமாக் கேளு, இத அந்த டெலிகிராம்காரன் ஒங்கிட்டச் சொல்லியிருக்க மாட்டான். ப்ரோகிராம்ல ஒரு திருத்தம் போடுறத கமிட்டுங்கிறீக. அந்தக் கமிட்டுக்குள்ள போட்டவன் பேரும் ஈமெயிலும் பொதிஞ்சிரும். அந்த ஈமெயிலு எந்தக் கணக்குல பதிஞ்சு கெடக்கோ, அந்தக் கணக்குக்குப் பச்ச விழும். சூத்திரம் இம்புட்டுத்தேன். இப்ப நீ கணக்க வாங்கிட்ட. பழைய மொதலாளியோட ஈமெயிலு அதுல இருக்கு. அத அப்பிடியே விட்டுவச்சயின்னா, கணக்கு ஒன்னோடது இல்ல. கடவுச்சொல்ல மறந்துட்டேன்னு அவன் ஒரு தட்டு தட்டுனா, புதுச் சொல்லு மாத்துறதுக்கான கடுதாசி அவன் பொட்டிக்குத்தேன் போகும். சரி, அவன் ஈமெயில எடுத்து வீசிருவோம்னு எடுத்தயின்னு வையி. பச்ச போயிரும். அந்த ஈமெயிலுல போட்ட கமிட்டெல்லாம் ஒன் கணக்கவிட்டுக் கழண்டுக்கிரும். நீ 18,000 குடுத்தது வெறும் தேதிக்கு.

இன்னொண்ணையும் கேட்டுட்டு அப்புறம் அழு. அந்த மகராசன் அதே ஈமெயில வச்சு நாளைக்கே புதுசா ஒரு கணக்குத் தொறந்தாம்பாரு, நீ காசு குடுத்து வாங்குன கமிட்டு பூராம் அவன் பேருக்கு மாறிக்கிரும். வெலைக்குக் குடுத்த சரக்கு வித்தவங்கிட்டயே நடந்து போறத நான் எந்த ஏலத்துலயும் பாத்ததில்ல மாப்ள. நீதேன் மொத ஆளா பாக்கப் போற. அத வீடியோ எடுத்து அனுப்பு.

நீ வெவரமானவன், ஈமெயிலயும் விட்டுவச்சு அவனையும் சரிக்கட்டிட்டன்னே வச்சுக்கிருவோம். அப்பவும் ஒவ்வொரு கமிட்டோட வயித்துலயும் அவன் பேரு இருக்கு. கமிட்டு முகவரியோட கடைசியில ஒரு சின்ன வார்த்தையச் சேத்தா, உள்ள பொதிஞ்ச பேரும் ஈமெயிலும் பச்சையா வந்து நிக்கும்னு சொன்னா மருமக. வேல குடுக்குறவுக அதப் பாக்கத் தெரிஞ்சவுகதேன். அத மாத்தி எழுதலாமான்னு கேட்டேன். ஒன் சொந்தக் குப்பைக்குள்ள வேணா மாத்திக்கிரலாம். அடுத்தவுக ப்ராஜெக்டுல போட்டு, ஒலகம் பூராம் நகல் எடுத்து வச்சிருக்கிறத என்னா செய்வ? ஒவ்வொரு நகல்லயும் போயி அழிச்சிட்டு வர நம்ம ஊர் ஜீப்பு பத்தாது.

பெறகு எதுக்குத்தேன் பழைய கணக்குக்கு இம்புட்டுக் கிராக்கின்னு கேட்டேன். அவ சொன்ன பதிலு எனக்குப் புடிச்சிருந்துச்சு. கிட்ஹப்புக்கு அடியில ஓடுறது, லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ல உண்டாக்குன கிட்டுங்கிற ப்ரோகிராம். அது போடுறவன் சொல்ற பேரையும் தேதியையும் அப்பிடியே நம்பி எழுதிக்கிரும். டோர்வால்ட்ஸு பேருலயே நீ கமிட்டு போடலாம். ஒரு வரிக் கட்டளையில பத்து வருஷத்துக்கு முன்னாடி தேதியும் போடலாம். அதனால பச்ச மலிவு. ஒரு ராத்திரியில கட்டம் பூராம் நெரப்பித் தர்ற சின்ன ப்ரோகிராமெல்லாம் சும்மாவே கெடைக்குது. ஆனா கணக்கு தொறந்த தேதி கிட்ஹப்போட பேரேட்டுல இருக்கு. அத எவனும் பின்னால தள்ளிப் போட முடியாது. அதத்தேன் விக்கிறான். ஏலத்தட்டைய நட்டு மூணாவது வருஷந்தேன் காயப் பாக்க முடியும். அந்த மூணு வருஷத்த மட்டும் தனியா அளந்து தர்றேங்கிறான், செடி இல்லாம.

2024 பிப்ரவரியில ஸ்டார்க்நெட்டுன்னு ஒரு கிரிப்டோ கூட்டம், கிட்ஹப்புல பெரிய ப்ராஜெக்டுகளுக்குக் கமிட்டு போட்டவுக பல பேருக்குச் சும்மாவே நாணயம் தூவுச்சு. கேக்கணுமா? பழைய கணக்குன்னா காசுன்னு ஊரெல்லாம் பேச்சாயிருச்சு. அடுத்தவன் எப்பத் தூவுவானோன்னு சேத்து வைக்கிறவனும் கெளம்பிட்டான்.

நம்ம நாட்டுப் பயக இதுல சளைச்சவுக இல்ல. டிஜிட்டல்ஓஷன்னு ஒரு கம்பெனி வருஷா வருஷம் அக்டோபர்ல ஹாக்டோபர்ஃபெஸ்டுன்னு ஒரு திருவிழா நடத்தும். அப்பெல்லாம் நாலு திருத்தம் அனுப்புனா ஒரு டி-சட்டை குடுத்தாக. 2020-ல ஒரு இந்தி யூடியூப் பாடத்தப் பாத்துட்டு நம்மாளுக வரிசை கட்டி எறங்கி, எவனோ எழுதுன விளக்கக் குறிப்புல "அற்புதமான ப்ராஜெக்ட்"னு ரெண்டு வார்த்தையச் சேத்துச் சேத்து அனுப்பிச்சு, அந்த ப்ராஜெக்டு நடத்துறவுகள அழ வச்சிட்டாக. மூணாந்தேதியே விதிய மாத்திப்புட்டாக. சம்மதிச்ச ப்ராஜெக்டுக்கு அனுப்புனாத்தேன் செல்லும்னு. ஒரு சட்டைக்கு இம்புட்டுப் பாடு. கிட்ஹப்பே கூட 2016-ல, "தொடர்ச்சியா இத்தன நாளு வேல பாத்தாரு"ங்கிற எண்ணிக்கைய எடுத்துட்டாக. கட்டத்த மட்டும் விட்டு வச்சிருக்காக, நீ 18,000 செலவழிக்கிறதுக்கு.

சரி, வெளையாட்டுப் போதும். கணக்கோட சேத்து இன்னும் என்னென்ன வாங்கணும்னு சொல்றேன், எழுதிக்க.

அவன் கம்ப்யூட்டருல இருக்குற, கடவுச்சொல்லு கேக்காம உள்ள விடுற எஸ்.எஸ்.ஹெச். சாவிய வாங்கிரு. அவன் எடுத்து வச்ச டோக்கனெல்லாம் வாங்கிரு. 2023 கடைசிக்குள்ள ப்ரோகிராம் போடுற எல்லாரும் ரெட்டைப் பூட்டுப் போடணும்னு கிட்ஹப்பு கட்டாயமாக்கிருச்சு. அந்தப் பூட்டுக்கு அவசரத்துக்குன்னு மீட்புக் குறியீடு ஒரு தாளு குடுப்பாக, அந்தத் தாளையும் வாங்கிரு. வாங்குனப்பெறகு, அவன் செல்லுல ஒரு போட்டோ எடுத்து வைக்கலன்னு அவங்கிட்டயே சத்தியம் வாங்கிரு. அந்தக் கணக்க அவன் இதுக்கு முன்னாடி எத்தன பேருக்கு வித்தான்னு கேட்டு, அந்த எல்லார்கிட்டயும் சத்தியம் வாங்கிரு. கடைசியா ஒண்ணு: ரெண்டு பேருக்கும் சண்ட வந்து கிட்ஹப்புகிட்டப் பஞ்சாயத்து போச்சுன்னா, "என் கணக்கு, 2011-ல நாந்தேன் தொறந்தேன்"னு அவன் பழைய கடுதாசிய எடுத்து நீட்டுவான். நீ என்னத்த நீட்டுவ? 18,000 அனுப்புன ஜிபே ரசீத. ஒரு உள்நுழைவ ஒரே ஆளுதேன் பயன்படுத்தணும்னு அவுக விதியில இருக்கு. கணக்குப் பேர விக்கிறதும் கூடாது, வாங்குறதும் கூடாது, மீறுனா நிரந்தரமா முடக்குனாலும் முடக்குவோம்னும் எழுதிப் போட்டிருக்காக. ஆக, ஒன் தப்புக்கு நீயே சாட்சி. மைக்ரோசாஃப்ட் 2018-ல 750 கோடி டாலருக்கு வாங்குன கடை அது. ஒனக்காக அங்க யாரும் கண்ணீர் விட மாட்டாக.

ஒரு கணக்க நம்பி ஒலகமே ஏமாற இருந்த கதை ஒண்ணு இருக்கு. அத மருமக சொல்றப்ப எனக்குச் சோறு எறங்கல. லினக்ஸ் கம்ப்யூட்டருல பெரும்பாலும் இருக்குற எக்ஸ்.இஸட்.ங்கிற சின்ன சுருக்குப் ப்ரோகிராம லாஸ்ஸே காலின்னு ஒரு பின்லாந்துக்காரரு தனியாளா, சம்பளமில்லாம பாத்துக்கிட்டு வந்தாரு. ஜியா டான்ங்கிற பேருல 2021-ல ஒரு கணக்கு மொளைச்சுச்சு. நல்ல நல்ல திருத்தமா அனுப்புச்சு. அதே சமயம் வேற சில பேருலேருந்து, "ஏன்யா இம்புட்டு மெதுவா இருக்க, பொறுப்ப வேற ஆளுக்குக் குடு"ன்னு அந்த மனுசன நெருக்குனாக. அதுல ஒருத்தன் பேரு என்னா தெரியுமா? ஜிகார் குமார். நம்ம நாட்டுப் பேரு மாதிரியே வச்சிருக்கான் பாரு, களவாணிப்பய. மனநலம் சரியில்லாம தவிச்சுக்கிட்டிருந்த காலின் கடைசியில சாவியக் குடுத்துட்டாரு. 2024 பிப்ரவரி, மார்ச்சுல வந்த ரெண்டு வெளியீட்டுல ஜியா டான் பின்வாசல் வச்சான். ஒலகத்துல எத்தனையோ சர்வருக்குள்ள பூந்து போற மாதிரி வாசல். ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்டுன்னு ஒரு ப்ரோகிராமரு, உள்ள நுழையுறதுக்கு வழக்கத்தவிட அர செகண்டு கூடுதலா ஆகுதேன்னு நோண்டி, 2024 மார்ச் 29-ல அத வெளியில கொண்டாந்தாரு. அர செகண்டுடா மாப்ள! நம்ம போடிமெட்டு 17 கொண்ட ஊசி வளைவுல அர மணி நேரம் தாமதமானாலே ஏன்னு கேக்க ஆளில்ல.

அந்தக் கணக்க அவன் வாங்கல. ரெண்டு வருஷத்துக்கும் மேல ஒக்காந்து வளத்தான். யாரு, எந்த நாடுன்னு இன்னும் வெளிச்சமாகல. நான் சொல்ல வந்தது என்னான்னா, களவாணிகூட தன் கணக்கத் தானே ஒழைச்சு வளத்திருக்கான். நீ நல்ல பய, ஒழைக்காம வாங்கப் பாக்குற. இன்னொண்ணு, இது நடந்ததும் கிட்ஹப்பு அந்த ப்ராஜெக்டையே பூட்டுச்சு. ஒரு பாவமும் அறியாத காலினோட கணக்கையும் சேத்து முடக்கிட்டாக, கொஞ்ச நாளு. குத்தமில்லாதவனுக்கே அந்தக் கதி. அதுக்கப்புறம் ப்ராஜெக்டு நடத்துறவுக புது ஆளப் பாக்குற பார்வையே மாறிப்போச்சு. அஞ்சு வருஷம் தூங்கிக் கெடந்த கணக்கு ஒண்ணு திடீர்னு முழிச்சு, வேற நாட்டுலேருந்து, வேற நடையில, வேற மொழியில ப்ரோகிராம் எழுதுச்சுன்னா அத முழிச்சுக்கிட்டதுன்னு எவனும் நெனைக்க மாட்டான்.

நீ யார மாதிரி தெரிவங்கிறதையும் சொல்லிர்றேன். 2022 மே மாசம் அமெரிக்காவோட வெளியுறவுத் துறை, நிதித் துறை, எஃப்.பி.ஐ. மூணும் சேந்து கம்பெனிகளுக்கு ஒரு எச்சரிக்கை விட்டாக. வட கொரியா ஆளுக அடுத்தவுக பேருலயும் கணக்குலயும் ஒளிஞ்சுக்கிட்டு ப்ரோகிராமர் வேலையில சேருறாக, சம்பளம் அந்த அரசாங்கத்துக்குப் போகுதுன்னு. அரிசோனாவுல ஒரு அம்மா வீட்டுல லேப்டாப்ப அடுக்கி வச்சு அவுகளுக்கு ஒத்தாசை பண்ணி, 300-க்கும் மேல கம்பெனிகள ஏமாத்துனதுக்கு 2025 ஜூலையில 102 மாசம் செயில்ல போட்டாக. இப்ப மேலச்சொக்கநாதபுரத்து அரசு பொறியியல் கல்லூரியில படிச்சு முடிச்ச நீ, ஜெர்மன்காரன் கணக்குல, பேரு ஒண்ணு மொகம் ஒண்ணா இன்டர்வியூவுக்குப் போயி ஒக்காரு. அவுக ஒன்னைய வேலையில்லாத போடிப் பயன்னு நெனைக்க மாட்டாக மாப்ள. கிம் ஜாங் உன் அனுப்புன ஆளுன்னு நெனைப்பாக. ஊருக்குப் பெருமதேன்.

இன்னொரு கதையச் சொல்லணும், இதுல எகத்தாளம் கெடையாது. 2022 சனவரி 1-ஆம் தேதி, நூத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம் பொண்ணுகளோட படத்த எடுத்துப் போட்டு, ஏலம் விடுறோம்னு ஒரு பக்கத்த கிட்ஹப்புல வச்சாங்கெ. புல்லி பாய்ன்னு அதுக்குப் பேரு. அதுக்கு முந்துன வருஷம் சுல்லி டீல்ஸ்னு இதே மாதிரி ஒண்ணு. பத்திரிகைக்காரவுக, படிக்கிற புள்ளைக, வயசானவுக, எல்லாரையும் போட்டிருந்தாங்கெ. இந்தப் பக்கத்தப் பரப்புன ட்விட்டர் கணக்குகளுக்குச் சீக்கியர் பேர வச்சு, பழிய அங்கிட்டுத் திருப்பப் பாத்திருக்காங்கெ. மும்பை போலீஸ் சொன்னது. ஒரு வாரத்துக்குள்ள பெங்களூர், உத்தரகண்ட், அஸ்ஸாம்னு போயி அள்ளிட்டு வந்தாக. மாட்டுனவுக வயசப் பாத்தா ஒன் வயசுதேன், காலேஜு படிக்கிறவுகளும் உண்டு. எதுக்குச் சொல்றேன்னா, கணக்குல ஒரு அக்கிரமம் நடந்தா போலீசு கம்பெனிக்கு மொத மொத எழுதிக் கேக்குறது இது யாரு பேருல தொறந்தது, எந்த நம்பரு, எந்த ஈமெயிலுன்னுதேன். வித்துட்டேன் சார்னு சொல்லித் தப்பிக்கிரலாம்னு நெனைக்கிறவன் வீட்டுக் கதவத்தேன் மொத தட்டுவாக.

ஒன் சேக்காளி ஒருத்தன் மாணவர் சலுகை ஏறுன கணக்க விக்கப் போறான்னு ஒங்க அம்மா சொன்னா. அவங்கிட்ட இதச் சொல்லு. அந்தக் கணக்கு எங்க போயிச் சேரும்? செக் பாயிண்டுன்னு ஒரு பாதுகாப்புக் கம்பெனி 2024 ஜூலையில ஒரு வலையக் கண்டுபுடிச்சாக. 3,000-க்கும் மேல பேய்க் கணக்கு. ஒண்ணு நச்சு ப்ரோகிராம வைக்கும், இன்னொண்ணு நல்லாருக்குன்னு நட்சத்திரம் குத்தும். நட்சத்திரத்தப் பாத்து நம்பி எறக்குறவன் கடவுச்சொல்லு, பணம் எல்லாம் காலி. அந்தப் பேய்க் கூட்டத்துல ஒன் சேக்காளி பேரும், தேனி மாவட்டத்து காலேஜு ஈமெயிலும் நின்னா எப்பிடி இருக்கும்? அடுத்தவன் கடவுச்சொல்ல நேர்மையில்லாமப் பயன்படுத்துனா தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி. கம்ப்யூட்டர வச்சு ஆள் மாறாட்டம் பண்ணி ஏமாத்துனா 66டி. ரெண்டுக்கும் 3 வருஷம் வரைக்கும் உள்ள, 1 லட்சம் வரைக்கும் அபராதம். வாங்குறவனும் விக்கிறவனும் சண்டையில்லாம பங்கு போட்டுக்கிரலாம்.

ஆங், கூகுள் பிளே கணக்கையும் அந்த ஆளே விக்கிறான்னயே. அதையும் பேசி முடிச்சிருவோம். புதுசா தனியாள் கணக்குத் தொறக்க 25 டாலரு. 2023 நவம்பருக்குப் பெறகு தொறந்தவுக, ஆப்ப வெளியிடுறதுக்கு முன்னாடி 20 பேர வச்சு 14 நாளு சோதிச்சுக் காட்டணும்னாக. அப்புறம் எறங்கி வந்து 12 பேரு போதும்ட்டாக. அந்த 12 பேருக்கு அலைய முடியாமத்தேன் பழைய கணக்க வாங்குறீகளா? போடியில 12 பேரு பஞ்சமா? நம்ம கடையில காய் பொறுக்குற அக்காமாருகளே அதுக்கு மேல இருக்காக. எல்லாருகிட்டயும் போன் இருக்கு. மத்தியானம் சோத்துப் பொட்டலத்தப் பிரிச்சதும் அவுக நோண்டுறது வேற என்னத்த? 14 நாளு ஒன் ஆப்ப நோண்டச் சொல்லு. எந்த எழுத்து கண்ணுக்குத் தெரியல, எந்தப் பொத்தான் வேல செய்யலன்னு ஒன் மூஞ்சிக்கு நேரா சொல்லுவாக. கூகுளு அம்புட்டுத் தெளிவாச் சொல்ல மாட்டான். அவன் ஒரு கணக்க முடக்குனா, அதோட ஒட்டுறவு இருக்குன்னு தெரியுற மத்த கணக்கையும் சேத்து முடக்குவான். நீ வாங்குற பழைய கணக்கு எவன் எவனோட ஒட்டுறவுன்னு ஒனக்கு எப்பிடித் தெரியும்? நெசமாவே ஒருத்தரோட ஆப்பு வேணும்னா, கணக்க விட்டுட்டு ஆப்ப மட்டும் ஒன் பேருக்கு மாத்தி வாங்க அவுகளே முறையா வழி வச்சிருக்காக. கிட்ஹப்புலயும் ப்ராஜெக்ட அப்பிடி மாத்திக்கிரலாம். வெளிச்சத்துல நடக்குற கைமாத்து அது. அதுக்கு டெலிகிராம் தேவையில்ல.

இப்ப ஒனக்கு ஒரு சோலி சொல்றேன். செய்யிறதும் செய்யாததும் ஒன் இஷ்டம்.

ஸ்பைசஸ் போர்டு தன் தளத்துல ஏல வெலைய தெனம் போடுது. தேதி, ஏலம் நடத்துன கம்பெனி, எத்தன லாட்டு, வந்த எடை, வித்த எடை, அதிகபட்ச வெல, சராசரி வெல. ஊருக்குள்ள எல்லாரும் பேசுறது அதிகபட்சத்த. "இன்னைக்கு இம்புட்டுக்குப் போச்சாம்ல"ன்னு டீக்கடையில சத்தம் கேக்கும். ஒரு லாட்டுக்கு விழுந்த வெல அது. வெவசாயி பையில விழறது சராசரிய ஒட்டித்தேன். ரெண்டுக்கும் நடுவுல எம்புட்டு எடவெளி, எந்த மாசத்துல அது விரியுது, எந்த மாசத்துல சுருங்குதுன்னு கோடு போட்டுக் காட்டுற மாதிரி ஒரு ப்ரோகிராம் எழுது. தமிழ்ல. காலையில பூப்பாறைக்கும் சாந்தம்பாறைக்கும் தோட்ட வேலைக்கு ஜீப்புல ஏறுறவுக போன்ல பாக்குற மாதிரி, சின்னதா. தமிழ் எழுத்தக் கையாள ஓப்பன்-தமிழ்னு பைத்தான் நூலகம் கிட்ஹப்புலயே கெடக்கு. அதுல ஒரு கொற கண்டுபுடிச்சுத் திருத்தி அனுப்புனா அதுவும் ஒரு கமிட்டு. ஒன் ஈமெயிலுல, ஒன் பேருல.

ஒரு எச்சரிக்கை. வந்த எடைய அப்பிடியே நம்பிக் கூட்டிராத. ஏலத்துல எடுத்த காயவே திரும்பவும் ஏலத்துக்குக் கொண்டாந்து போடுறாகன்னு வெவசாயிக ரொம்ப நாளாப் பொலம்புறாக. அதனால வரத்து பெருத்துத் தெரியும். அத எப்பிடிக் கண்டுபுடிக்கிறதுன்னு கூகுளுக்கும் தெரியாது, அந்த ஜெர்மன்காரனுக்கும் தெரியாது. எனக்குக் கொஞ்சம் தெரியும். சாயந்திரம் கடைப்பக்கம் வா, லாட்டுச் சீட்ட வச்சுச் சொல்லித் தர்றேன். இன்டர்வியூவுல அந்த அம்மா இதப் பத்தி எம்புட்டு நேரம் கேட்டாலும் நீ பேசலாம்.

18,000 ரூவாய ஒங்க அம்மாகிட்டயே திருப்பிக் குடுத்திரு. அதுல 25 டாலர மட்டும் எடுத்துக்க. அட்வான்சு, கூலின்னு எங்கிட்ட வாயத் தொறக்காத. ப்ரோகிராம் ஓடுனா, பொறுக்குற அக்காமாரு 12 பேருக்கும் ஒனக்கும் ஒரு நாளு பரோட்டா என் செலவு. சராசரி தப்பா வந்துச்சுன்னா ஒன் அத்தைகிட்டச் சொல்லி ஒனக்கு மட்டும் சால்னாவ நிப்பாட்டிருவேன்.